நில அபிவிருத்தித் திட்டங்களும் அறிவிப்புப் பெறவேண்டியவர்களும்

முன்னுரை

ஆற்றுப் பாசனமுள்ள கிராமங்களில் பரம்பரையாக வரும் வழக்கம் ஒன்று உண்டு. மேல்மடைக்காரர் ஏதோ ஓர் அவசரத்தால் முறை தப்பித் தண்ணீரைத் திருப்பிக்கொள்ள நேருமாயின், கீழ்மடைக்காரருக்கு முன்னதாகவே சொல்லியனுப்புவார். சொல்லாமல் வரப்பை வெட்டினவர் ஊராருக்குப் பதில் சொல்லியாக வேண்டும். பிறருடைய உரிமையைத் தொடும் காரியம் எதுவாயினும், அதை அவருக்கு அறிவித்து, அவர் சொல்வதையும் கேட்ட பிறகே செய்தல் வேண்டும் என்பதே இவ்வழக்கத்தின் உட்பொருளாகும்.

நிலத்தைப் பற்றிய சட்டங்களில் காணப்படும் "அறிவிப்பு" என்பதும் இதே நியாயத்தினின்றும் தோன்றியதே. நகரங்கள் நாளுக்கு நாள் விரிவடைந்து வருகின்றன. புறவழிச் சாலைகளும், தொழிற்பேட்டைகளும், வீட்டுமனைப் பிரிவுகளும் விளைநிலங்களை நோக்கி வருகின்றன. இத்தகைய திட்டங்கள் நல்லவையா, தீயவையா என்று ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஒரு திட்டம் உருவாகுங்கால் யார் யாருக்கு அறிவிப்புத் தரப்படவேண்டும், அவ்வறிவிப்பு எவ்வழியாக வரும், வந்தபின் குடியானவர் எத்தனை நாட்களுக்குள் என்ன செய்தல் வேண்டும் என்பவற்றை மட்டும் இங்கே எடுத்துரைப்போம். பயிருக்குப் பூச்சி மருந்து தெளிப்பதற்குப் பருவம் உண்டு. பருவம் தப்பினால் மருந்து இருந்தும் பயனில்லை. ஆட்சேபணை மனுவும் அத்தன்மையதே.

அறிவிப்பு எப்பொழுதும் வீட்டு வாசலுக்கு வருவதில்லை

நமது குடியானவர்களிற் பெரும்பாலோர், சர்க்கார் தம் நிலத்தின்மீது யாதேனும் செய்யக் கருதினால் தம் பெயருக்குக் கட்டாயம் ஒரு கடிதம் வரும் என்று நம்பியிருக்கின்றனர். இந்நம்பிக்கை பாதி உண்மை, பாதி பிழை. சில கட்டங்களில் பெயரிட்ட அறிவிப்புத் தரவேண்டும் என்று சட்டம் விதிக்கின்றது. வேறு சில கட்டங்களில் சர்க்கார் கெஜட்டிலும் தினசரிப் பத்திரிகைகளிலும் வெளியிட்டாலே, யாவருக்கும் அறிவித்ததாகவே கொள்ளப்படும். எக்கட்டத்தில் எம்முறை என்பதை அறிந்துகொள்ளாதவர், தமக்கு ஒன்றும் வரவில்லை என்று வாளாவிருந்து காலத்தை இழப்பர். ஆதலால், நம் தமிழ்நாட்டில் விளைநிலத்தைத் தொடக்கூடிய நான்கு வழிகளையும் தனித்தனியே கவனிப்போம்.

முதல் வழி: முழுமைத் திட்டம்

தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் 1971-ஆம் ஆண்டினது. இச்சட்டத்தின்படி ஒரு நகரத்துக்கும் அதைச் சூழ்ந்த கிராமங்களுக்கும் "மாஸ்டர் பிளான்" என்று வழங்கும் முழுமைத் திட்டம் வகுக்கப்படுகிறது. எந்தச் சர்வே எண் விவசாயத்துக்கு, எது குடியிருப்புக்கு, எது தொழிலுக்கு, எவ்விடத்தில் சாலை என்பவை அத்திட்டத்தின் படத்தில் நிறம் தீட்டிக் குறிக்கப்படும். படத்தில் நிறம் மாறினால் அன்றைக்கே நிலம் கைமாறிவிடாது. ஆயினும், பிற்காலத்தில் அந்நிலத்தை எதற்குப் பயன்படுத்த அனுமதி கிடைக்கும், எதற்குக் கிடைக்காது என்பது அப்போதே தீர்மானமாகிவிடுகின்றது.

இங்கே யாருக்கு அறிவிப்பு? தனிப்பட்ட பட்டாதாரருக்குக் கடிதம் வரும் என்று எதிர்பார்த்தல் கூடாது. திட்டத்தைத் தயாரித்த அதிகார சபை, சர்க்காரின் சம்மதம் பெற்றபின், தமிழ்நாடு சர்க்கார் கெஜட்டிலும் அப்பகுதியின் முக்கியத் தினசரிகளிலும் அறிவிப்பு வெளியிடும். திட்டத்தின் பிரதியை எந்த இடத்தில் பார்வையிடலாம் என்பதும் அதில் இருக்கும். யார் வேண்டுமானாலும் எழுத்து மூலம் ஆட்சேபணையோ யோசனையோ தரலாம். அதற்குரிய அவகாசம் கெஜட்டில் வெளியான தேதியிலிருந்து 2 மாதத்துக்குக் குறையலாகாது. நேரில் தம் கருத்தைச் சொல்ல விரும்பிக் கேட்டுக்கொண்டவருக்கு அதற்குத் தக்க சந்தர்ப்பமும் அளிக்கப்படவேண்டும்.

இந்த 2 மாதத்திற்குள் குடியானவர் பார்க்கவேண்டியவை மூன்று. தம் சர்வே எண்ணுக்கு என்ன உபயோகம் குறிக்கப்பட்டுள்ளது என்பது ஒன்று. தம் பாசன வாய்க்காலும், வடிகாலும், ஏரியின் உள்வாயும் படத்தில் சரியாகக் காட்டப்பட்டுள்ளனவா என்பது இரண்டு. புதிய சாலை தம் நிலத்தை இரு துண்டாக்குகின்றதா என்பது மூன்று. ஏரியையும் வாய்க்காலையும் பற்றிய பிழைகளை அவற்றில் நாள்தோறும் நடக்கும் குடியானவரே முதலிற் கண்டுபிடிக்கக்கூடியவர்.

இரண்டாம் வழி: 2013-ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டம்

1894-ஆம் ஆண்டின் பழைய நில ஆர்ஜிதச் சட்டத்துக்குப் பதிலாக, 2013-ஆம் ஆண்டில் பாராளுமன்றம் இயற்றிய புதிய சட்டம் 1-1-2014 முதல் அமுலில் இருக்கிறது. நியாயமான நஷ்டஈடு பெறும் உரிமையையும், மறுவாழ்வையும், மறுகுடியமர்வையும் பற்றிய சட்டம் இது. இதில் அறிவிப்பு ஒரு முறையோடு நில்லாமல், படிப்படியாகப் பல முறை வருகின்றது.

முதற்படி, சமூகத் தாக்க மதிப்பீடு. திட்டத்தால் யார் யார் பாதிக்கப்படுவர், எவ்வளவு நிலம் உண்மையில் தேவை, வேறு இடம் உண்டா என்பவற்றை ஆராய்வது இதன் வேலை. இதைத் தொடங்குமுன் கிராமப் பஞ்சாயத்துடன் கலந்தாலோசித்தல் வேண்டும். பாதிக்கப்படும் இடத்தில், நாளும் நேரமும் இடமும் முன்கூட்டியே நன்கு விளம்பரப்படுத்தப்பட்டு, பொது விசாரணை நடைபெறவேண்டும். மதிப்பீட்டின் அறிக்கை உள்ளூர் மொழியில் பஞ்சாயத்து, தாலுகா, கலெக்டர் ஆபீசுகளிலும் இணையதளத்திலும் கிடைக்கவேண்டும்.

இரண்டாம் படி, ஆரம்ப அறிவிப்பு. இது சட்டத்தின் 11-ஆவது பிரிவின்படி வருவது. கெஜட்டில் ஒரு முறை, அவ்வட்டாரத்தில் வழங்கும் இரண்டு தினசரிகளில், அவற்றுள் ஒன்று பிராந்திய மொழியினதாக, உள்ளூர் மொழியில் பஞ்சாயத்திலும், கலெக்டர், கோட்ட அதிகாரி, தாசில்தார் ஆகியோரின் ஆபீசுகளிலும், சர்க்காரின் இணையதளத்தில், பாதிக்கப்படும் இடத்திலும் என ஐந்து வழிகளில் இது பிரசுரிக்கப்படவேண்டும். அன்றியும், வெளியான உடனே இதற்கெனவே கூட்டப்பட்ட கிராம சபைக் கூட்டத்தில் இதன் விவரம் தெரிவிக்கப்படவேண்டும் என்பதும் விதி. ஆதலால் கிராம சபைக்குச் செல்வது வீண் பொழுதுபோக்கு என்று எண்ணுதல் பெரும் தவறாகும்.

இந்த ஆரம்ப அறிவிப்பின் தேதியிலிருந்து 60 நாட்களுக்குள், நிலத்தில் சம்பந்தமுடைய எவரும் கலெக்டருக்கு எழுத்து மூலம் ஆட்சேபணை தரலாம். எடுக்கப்படும் நிலத்தின் அளவும் தகுதியும், பொதுக் காரியம் என்று கூறுவதற்குள்ள காரணம், சமூகத் தாக்க மதிப்பீட்டின் முடிவுகள் ஆகிய மூன்றைப் பற்றியும் ஆட்சேபிக்கலாம். ஆட்சேபித்தவரை நேரிலோ, அவரால் அதிகாரம் பெற்றவர் மூலமோ, வக்கீல் மூலமோ கலெக்டர் விசாரிக்கவேண்டும். மேலும் இத்தேதிக்குப் பின், நடவடிக்கை முடியும்வரை, அந்நிலத்தை விற்றலும் அடமானம் வைத்தலும் தடுக்கப்பட்டுள்ளன. "அவசரமாக விற்றுவிடுங்கள்" என்று வரும் தரகரிடம் இதை நினைவிற் கொண்டு பேசுக.

மூன்றாம் படி, அளவை. நிலத்தில் இறங்கி அளப்பதும், மண்ணைத் தோண்டிப் பார்ப்பதும், எல்லைக் குறி இடுவதும் உரிமையாளரோ அவர் எழுத்து மூலம் நியமித்தவரோ உடனிருக்கும்போதுதான் செய்யப்படவேண்டும். உரிமையாளர் இல்லாமற் செய்ய வேண்டுமாயின், அவருக்கு 60 நாளுக்குக் குறையாத முன்னறிவிப்புத் தந்திருத்தல் வேண்டும். அளக்கும்போது பயிருக்கு நேரும் சேதத்துக்கும் ஈடு உண்டு.

நான்காம் படி, பிரகடனம். ஆரம்ப அறிவிப்பு வெளியான 12 மாதத்துக்குள் இது வரவேண்டும். அதன் பின்னரே 21-ஆவது பிரிவின்படி பெயரிட்ட அறிவிப்பு வருகின்றது. நிலத்தின் மீதோ அருகிலோ வசதியான இடங்களில் பொது அறிவிப்பு வைக்கப்படும். அத்துடன் நிலத்தை அனுபவிப்பவருக்கும், அதில் சம்பந்தமுடையவர் என்று அறியப்பட்ட அல்லது நம்பப்படும் யாவருக்கும் தனி அறிவிப்புத் தரப்படவேண்டும். வெளியூரில் வசிப்பவருக்கு, கடைசியாகத் தெரிந்த விலாசத்துக்குத் தபாலில் அனுப்பப்படும். கலெக்டர் முன் ஆஜராகித் தம் உரிமையையும் கோரும் தொகையையும் சொல்வதற்கு 30 நாளுக்குக் குறையாமலும் 6 மாதத்துக்கு மிகாமலும் அவகாசம் தரப்படும்.

இச்சட்டத்தில் உணவு உற்பத்தியைக் காக்கும் விதி ஒன்றும் இருக்கிறது. பாசன வசதியுடன் ஒன்றுக்கு மேற்பட்ட போகம் விளையும் நிலத்தை, வேறு வழியே இல்லாத விசேஷ சந்தர்ப்பத்திலன்றி எடுத்தல் கூடாது. ஆயினும் ரயில் பாதை, சாலை, கால்வாய், மின் கம்பி வழி போன்ற நீண்டு செல்லும் வேலைகளுக்கு இத்தடை பொருந்தாது. ஆகவே, தம் நிலம் எத்தனை போகம் விளைகிறது என்பது அடங்கலில் ஆண்டுதோறும் சரியாகப் பதிவாதல் மிக முக்கியம்.

மூன்றாம் வழி: தேசிய நெடுஞ்சாலை

தேசிய நெடுஞ்சாலைகளுக்கு நிலம் எடுப்பது 1956-ஆம் ஆண்டின் தனிச் சட்டத்தின்படி நடைபெறுகிறது. இங்கே காலம் மிகவும் குறுகியது. மத்திய சர்க்காரின் கெஜட்டில் அறிவிப்பு வெளியாகும். அதன் சாரம் இரண்டு உள்ளூர்ப் பத்திரிகைகளில், ஒன்று தாய்மொழியினதாக, வெளியாகும். அறிவிப்பு வெளியான 21 நாட்களுக்குள் ஆட்சேபணையைத் தகுதிபெற்ற அதிகாரியிடம் எழுத்து மூலம் தருதல் வேண்டும். இம்முதற் கட்டத்தில் வீட்டுக்கு வீடு கடிதம் அனுப்பவேண்டும் என்று சட்டம் விதிக்கவில்லை. ஆட்சேபணைகள் விசாரிக்கப்பட்டபின் பிரகடனம் வெளியானதும், நிலம் யாதொரு வில்லங்கமுமின்றி மத்திய சர்க்காருக்கு உரியதாகிவிடும்.

தொகையை நிர்ணயிக்குமுன் இரண்டாம் முறையாகப் பத்திரிகைகளில் பொது அறிவிப்பு வரும். நிலத்தில் சம்பந்தமுடையவர் யாவரும் குறித்த நாளில் குறித்த இடத்தில் ஆஜராகித் தம் உரிமை இன்னதென்று சொல்லலாம். முதற் கதவு மூடியபின்பும் இவ்விரண்டாம் கதவு திறந்திருக்கின்றது என்பதைக் குடியானவர்கள் மறக்கலாகாது. நிர்ணயித்த தொகை போதாதென்று கருதுவோர், மத்திய சர்க்கார் நியமித்துள்ள மத்தியஸ்தரிடம் விண்ணப்பிக்கலாம்.

நான்காம் வழி: ராஜ்யச் சட்டங்கள்

தொழிற்பேட்டைகளுக்காக 1997-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சட்டமும், ராஜ்ய நெடுஞ்சாலைகளுக்காக 2001-ஆம் ஆண்டின் சட்டமும் தனியே உள்ளன. இவை 2019-ஆம் ஆண்டில் மீண்டும் உயிர்ப்பிக்கப்பட்டன. அவ்வாறு செய்தது செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2021-ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. 2013-ஆம் ஆண்டின் சட்டத்திற் கண்ட சமூகத் தாக்க மதிப்பீடு இவற்றில் இல்லை. நஷ்டஈட்டைக் கணக்கிடும் முறை 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தழுவியது.

இவற்றில் அறிவிப்பு வரும் முறை வேறு. கெஜட்டில் நில எடுப்பை வெளியிடுமுன், நிலத்தின் உரிமையாளரையும் அதில் சம்பந்தமுடைய பிறரையும் அழைத்து, நிலத்தை ஏன் எடுக்கலாகாது என்பதற்குக் காரணம் காட்டும்படி சர்க்கார் கேட்கவேண்டும். எத்தனை நாட்களுக்குள் காரணம் காட்டவேண்டும் என்பது அவ்வறிவிப்பிலேயே குறிக்கப்பட்டிருக்கும். ஆகவே, அதைப் பெற்ற அன்றே தேதியைக் காலண்டரிற் குறித்துவைத்தல் நலம்.

"சம்பந்தமுடையவர்" யார்?

இப்பாடத்தின் நடுநாயகமான கேள்வி இதுவே. பட்டாவில் பெயருள்ளவர் மட்டுமே சம்பந்தமுடையவர் என்று நினைப்பது தவறு. 2013-ஆம் ஆண்டுச் சட்டம் இவ்வட்டத்தை மிகவும் விரித்திருக்கின்றது. கீழ்க்கண்டோர் யாவரும் அதனுள் அடங்குவர்.

1. நஷ்டஈட்டில் பங்கு கோரும் யாவரும். பாகப்பிரிவினை ஆகாத குடும்பத்தின் பங்காளிகளும் பெண் மக்களும் இதில் அடங்குவர்.

2. அந்நிலத்தின் மீது வழி நடை, நீர் செல்லும் உரிமை போன்ற அனுபோக பாத்தியதை உடைய அண்டை நிலத்தார்.

3. ராஜ்யச் சட்டங்களின்படி குத்தகை உரிமை உடையவர்கள். வாரத்துக்கு உழுபவரும், எப்பெயரால் வழங்கினும், இதில் சேர்வர்.

4. தம் ஜீவனத்துக்கு முக்கிய ஆதாரம் கெடக்கூடிய எவரும்.

மேலும், மறுவாழ்வு உதவிக்கு உரிய "பாதிக்கப்படும் குடும்பம்" என்பதில், நிலமில்லாத விவசாயத் தொழிலாளரும், குத்தகைதாரரும், வாரதாரரும், கைவினைஞரும் சேர்க்கப்பட்டுள்ளனர். நில எடுப்புக்கு முன் 3 ஆண்டுகள் அவ்விடத்தில் வேலை செய்து வந்தவராகவும், அதுவே பிரதான ஜீவனமாகவும் இருத்தல் வேண்டும். கழனியில் நாற்று நடும் பெண்ணும் இக்கணக்கில் வரக்கூடியவரே. ஆனால் அவர் அங்கே 3 ஆண்டு உழைத்தார் என்பதை யாரேனும் எடுத்துச் சொல்லவேண்டும். அதற்குரிய இடம் சமூகத் தாக்க மதிப்பீட்டின் பொது விசாரணையாகும்.

ஓர் உண்மை நிகழ்ச்சி

சில ஆண்டுகளுக்கு முன் என் சரகத்திலுள்ள ஒரு கிராமத்தில், வாழை பயிரிட்ட குடியானவர் ஒருவர் என்னிடம் வந்து, இலைகள் மஞ்சளாகி வாடுவதாகக் கூறினார். தோட்டத்துக்குச் சென்று வாடல் நோயைப் பார்வையிட்டுக் கொண்டிருக்கையில், வாழை வரிசைகளுக்கிடையே வர்ணம் பூசிய கற்கள் நட்டிருக்கக் கண்டேன். "இவை என்ன, ஐயா?" என்று கேட்டதற்கு, "ரோடு போடப்போகிறார்களாம், சார். யாரோ வந்து நட்டார்கள். எனக்குக் கடுதாசி ஒன்றும் வரவில்லை. வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கிறேன்" என்று அமைதியாகச் சொன்னார்.

விசாரித்ததில் விவரம் வெளியாயிற்று. பட்டா, காலஞ்சென்ற பாட்டனார் ஒருவரின் பெயரிலேயே இருந்தது. பேரன்மார் மூவரில் இருவர் தூரத்துப் பட்டணங்களில் உத்தியோகம் பார்த்தனர். உள்ளூரில் இருந்த மூத்தவர் நிலத்தை நம் குடியானவருக்கு வாரத்துக்கு விட்டிருந்தார். கிணற்றை ஆழப்படுத்தியது வாரதாரரின் சொந்தச் செலவு. புறவழிச் சாலைக்கான அறிவிப்பு பத்திரிகையில் வந்து 21 நாட்கள் கடந்துவிட்டன. அச்செய்தியைப் பார்த்தவர் அக்கிராமத்தில் ஒருவருமில்லை. மனம் வருந்தத்தக்கது யாதெனில், அவர்கள் சாலையை எதிர்க்கவே இல்லை. சாலைக்குக் கீழ்ப்புறம் இருந்த வயல்களுக்குத் தண்ணீர் செல்லும் வாய்க்காலுக்கு ஒரு சிறு பாலம் வேண்டும் என்று மட்டுமே அவர்கள் கேட்டிருப்பார்கள். அந்த 21 நாட்களுக்குள் ஒரு தாளில் எழுதித் தந்திருந்தால் அது விசாரணையில் பதிவாகியிருக்கும். பின்னர் மண் மேடு எழுந்து வாய்க்கால் அடைபட்டபோது, அதற்காக அவர்கள் மனுவுக்கு மேல் மனுவாக எழுதி அலைய நேர்ந்தது. கீழ்ப்புற வயல்கள் அதற்குள் இரண்டு சம்பாவை இழந்தன.

ஆயினும் இரண்டாம் கதவு இருந்ததல்லவா? தொகை நிர்ணய விசாரணைக்கு வாரதாரரை நானே அனுப்பிவைத்தேன். அவர் கொண்டுசென்றவை மூன்று: அவர் பெயர் சாகுபடியாளராகக் குறிக்கப்பட்டிருந்த அடங்கலின் நகல், கிணறு வெட்டிய கூலிக்கும் வெடிமருந்துக்கும் பெற்ற ரசீதுகள், எங்கள் இலாகாவின் மாதிரிப் பயிர்ப் பதிவேட்டில் அவர் தோட்டத்தைப் பற்றி நான் எழுதியிருந்த குறிப்பின் நகல். பயிருக்கும் கிணற்றுக்கும் அவருடைய கோரிக்கை ஏற்றுக்கொள்ளப்பட்டது. நிலச்சொந்தக்காரராகிய பேரன்மாரோ, வாரிசுச் சான்று பெற்றுப் பட்டாவை மாற்றி முடிக்கும்வரை தம் தொகையைப் பெற இயலாது ஓராண்டுக்கு மேல் காத்திருந்தனர். ரசீதை ஓலைப்பெட்டியில் பத்திரமாக வைத்திருந்த வாரதாரர், பட்டா மாற்றாதிருந்த நிலச்சொந்தக்காரருக்கு முந்திக்கொண்டார்.

முன்கூட்டியே செய்துகொள்ளவேண்டியவை

அறிவிப்பு பதிவேட்டைப் பார்த்தே அனுப்பப்படுகின்றது. பதிவேட்டில் இல்லாத பெயருக்கு அறிவிப்பு வருதல் அரிது. எனவே கீழ்க்கண்டவற்றை ஓய்ந்த மாதங்களில் செய்து முடித்தல் வேண்டும்.

பட்டா: காலஞ்சென்றவர் பெயரில் பட்டா இருப்பின், வாரிசுதாரர்கள் பெயருக்கு உடனே மாற்றிக்கொள்க. கூட்டுப் பட்டாவாயின் பங்காளிகள் எல்லோருடைய பெயரும் உள்ளதா என்று பார்க்க. வெளியூரில் இருப்பவர் தம் தற்போதைய விலாசத்தைத் தாலுகா ஆபீசில் தெரிவித்துவைத்தல் நலம்.

அடங்கல்: கிராம நிர்வாக அலுவலர் ஒவ்வொரு பசலியிலும் எழுதும் சாகுபடிக் கணக்கு இது. எந்தப் பயிர், எத்தனை போகம், பாசனம் எவ்வாறு, மரங்கள் எத்தனை என்பவை சரியாக இருக்கின்றனவா என்று ஆண்டுக்கு ஒரு முறையேனும் பார்வையிடுக. தென்னை 60 நின்றிருக்க, கணக்கில் "வாழை" என்று மட்டும் எழுதியிருந்தால், பிற்காலத்தில் 60 தென்னைக்கும் வழக்காட நேரும்.

குத்தகைப் பதிவு: 1969-ஆம் ஆண்டின் தமிழ்நாடு விவசாய நிலங்கள் குத்தகை உரிமைப் பதிவேட்டுச் சட்டத்தின்படி, சாகுபடிக் குத்தகைதாரர் தம் பெயரைப் பதிவு செய்துகொள்ள விண்ணப்பிக்கலாம். நிலச்சொந்தக்காரருடன் உள்ள நல்லுறவு கெடுமோ என்று பலர் இதற்குத் தயங்குகின்றனர். நிலச்சொந்தக்காரரிடம் மரியாதையாகச் சொல்லிவிட்டு, அவருக்கும் தெரியவே இதைச் செய்யலாம்.

ரசீதுகள்: கிணறு, ஆழ்துளைக் கிணறு, மோட்டார், குழாய், வேலி, களம், கொட்டகை ஆகியவற்றுக்குச் செலவிட்ட ரசீதுகளை ஒரே இடத்தில் வைத்துக்கொள்க. வாரதாரர் தம் செலவில் செய்தவற்றுக்கு நிலச்சொந்தக்காரரிடமிருந்து ஒரு சீட்டு எழுதி வாங்கிக்கொள்வது இருவருக்கும் நல்லது.

ஆட்சேபணை மனு எழுதும் முறை

மனு நீண்டதாயிருக்க வேண்டிய அவசியமில்லை. கோபச் சொற்களால் பயனும் இல்லை. கீழ்க்கண்டவை அதில் இருந்தாற் போதும்.

அறிவிப்பின் எண்ணும் தேதியும், கிராமம், தாலுகா, சர்வே எண், உட்பிரிவு, பரப்பு, மனுதாரர் பட்டாதாரரா, குத்தகைதாரரா, அண்டை நிலத்தாரா என்பது, நிலத்தின் இன்றைய நிலை, அஃதாவது பாசனம், போகம், மரங்கள், கிணறு, ஆட்சேபணை இன்னதென்பது, தாம் வேண்டும் மாற்றம் இன்னதென்பது, நேரில் விசாரிக்கப்பட விரும்புவதாக ஒரு வரி.

"என் நிலத்தை விட்டுவிடுங்கள்" என்று மட்டும் எழுதுவதைவிட, "இச்சாலையைத் தெற்கே புறம்போக்கு வழியாகக் கொண்டு சென்றால் இன்ன சர்வே எண்களிலுள்ள நன்செய் காப்பாற்றப்படும்" என்றோ, "இவ்விடத்தில் வாய்க்காலுக்குப் பாலம் அமைத்தல் வேண்டும்" என்றோ குறிப்பாக எழுதுவது அதிகாரியைச் சிந்திக்கச் செய்யும். மனுவைப் பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்க. நேரில் தந்தால் நகலில் தேதியுடன் முத்திரை பெறுக. ஊரார் கூடி ஒரே மனுவில் கையொப்பமிடுவதோடு, ஒவ்வொருவரும் தம் சர்வே எண்ணுக்குத் தனி மனுவும் தருதல் வேண்டும். வாய்க்கால், சுடுகாட்டு வழி, மேய்ச்சல் ஆகிய பொது விஷயங்களைப் பஞ்சாயத்தின் பெயரால் தனியே எழுதுக.

மதிப்பீடு செய்யும்போது

நிலம் எடுக்கப்படுவது உறுதியானபின், மரங்களையும் செடிகளையும் மதிப்பிடுவதற்கு விவசாயம், தோட்டக்கலை, வனம், பட்டுப்புழு வளர்ப்பு ஆகியவற்றில் அனுபவமுள்ளவர்களின் உதவியைக் கலெக்டர் பெறலாம் என்று 2013-ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. நிற்கும் பயிருக்கு நேரும் சேதத்தையும் அனுபவமுள்ள விவசாய நிபுணரைக் கொண்டு கணக்கிடலாம். காய்க்கும் மரத்தையும் கன்றையும் ஒரே விலையில் வைக்கலாகாது. மரத்தின் வயது, ஆண்டு விளைச்சல் ஆகியவற்றைக் குடியானவர் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைத்திருப்பின் மதிப்பிடுபவரின் வேலையும் எளிதாகும். நிலத்தின் சந்தை மதிப்பும் அதில் உள்ளவற்றின் மதிப்பும் கூட்டிய தொகைக்குச் சமமான ஆறுதல் தொகை, அஃதாவது நூற்றுக்கு நூறு, மேலும் சேர்க்கப்படும். ஆதலால் ஒரு மரம் கணக்கில் விடுபட்டால் நஷ்டம் இரட்டிப்பாகும்.

தீர்மானித்த தொகை போதாதென்று எண்ணுவோர், "ஆட்சேபணைக்கு உட்பட்டுப் பெற்றுக்கொள்கிறேன்" என்று எழுதியே தொகையைப் பெறுதல் வேண்டும். அவ்வாறு எழுதாமற் பெற்றவர் பின்னர் அதிகத் தொகைக்கு விண்ணப்பிக்க இயலாது. தீர்மானத்தின்போது உடனிருந்தவருக்கு அதற்குரிய அவகாசம் 6 வாரம் மட்டுமே.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றின் சாரம் இதுவாகும். முழுமைத் திட்டத்துக்கு 2 மாதத்துக்குக் குறையாத அவகாசம். 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஆரம்ப அறிவிப்புக்கு 60 நாள். தேசிய நெடுஞ்சாலைக்கு 21 நாள். ராஜ்யச் சட்டங்களில் அறிவிப்பிலேயே குறித்த நாள். இந்நான்கு எண்களையும் பஞ்சாயத்துக் கட்டடத்தின் சுவரில் எழுதிவைத்தால் மிக்க பயன் விளையும். ஊரில் படிக்கும் பிள்ளைகளில் இருவரை, தினசரியில் வரும் நில அறிவிப்புகளைப் பார்த்து ஊராருக்குச் சொல்லும்படி ஏற்பாடு செய்தல் இன்னும் நன்று. கூட்டுறவுச் சங்கத்துக்கு வரும் பத்திரிகை ஒன்றே இதற்குப் போதும்.

கீழ்மடைக்காரருக்குச் சொல்லியனுப்புவது மேல்மடைக்காரரின் கடமை. சொல்லியனுப்பும் ஆள் வரும்போது வயலில் இருப்பது கீழ்மடைக்காரரின் கடமை. அறிவிப்புத் தருதல் அதிகாரிகளின் பொறுப்பாயினும், அது தம்மைக் கண்டுபிடிக்கும் வண்ணம் பட்டாவிலும் அடங்கலிலும் தம் பெயரை நிலைநிறுத்திக்கொள்ளுதல் குடியானவரின் பொறுப்பாகும். இப்பத்திரிகையை வாசிப்போர், எழுத்தறியாத வாரதாரருக்கும் கூலியாளுக்கும் இதைப் படித்துக் காட்டுவார்களாக. அவர்கள் பெயரும் அறிவிப்புக்கு உரிய பெயர்களே.